கண்ணில் பூஞ்சைத் தொற்று: முதல் வாரத்தில் நடப்பதுதான் எல்லாம்

கதிரடிக்கும் இயந்திரத்திலிருந்து தெறித்த ஓட்ஸ் உமி ஒன்று 54 வயது விவசாயியின் கண்ணில் பட்டது. சில நாட்களில் கருவிழியில், அதாவது கண்ணின் முன்பக்கம் உள்ள தெளிவான படலமான கார்னியாவில், புண் வந்தது. அந்தப் புண்ணிலிருந்து எடுத்த திசுவை ஆராய்ந்த ஜெர்மானியக் கண் மருத்துவர் தியோடர் லீபர், உள்ளே வளர்ந்திருந்தது ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை என்று கண்டறிந்து 1879-இல் எழுதினார். கருவிழியைப் பூஞ்சை தாக்கும் என்பதற்கு மருத்துவ ஏடுகளில் கிடைக்கும் முதல் பதிவு அதுதான். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஓடிவிட்டது. இன்றைக்கும் பெரும்பாலான நோயாளிகளின் கதை இதே மாதிரிதான் தொடங்குகிறது. ஒரு இலை நுனி, ஒரு வைக்கோல் துணுக்கு, ஒரு சிறு கீறல்.

உலகம் முழுக்க ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பூஞ்சைக் கருவிழிப் புண்ணால் பாதிக்கப்படுகிறார்கள் என்று 2021-இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. அவர்களில் 8 முதல் 11 சதவீதம் பேருக்குக் கண்ணையே எடுத்துவிட வேண்டிய நிலை வருகிறது. பார்வை மங்கிப்போவோரின் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில், வயலிலும் தோட்டத்திலும் மரப்பட்டறையிலும் உழைப்பவர்களிடம்தான் இது அதிகம். வேலை செய்யும் வயதினர், அன்றாட உழைப்பை நம்பி வாழ்பவர்கள். ஒரு கண் போனால் அவர்களோடு சேர்ந்து ஒரு குடும்பமே தடுமாறும்.

இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது. சோதனையும் எளிது. அப்படியிருந்தும் இத்தனை கண்கள் போவதற்குக் காரணம், சரியான சோதனைக்கு முன்பே தவறான சொட்டு மருந்து கண்ணில் விழுந்துவிடுவதுதான். இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் அதைத்தான்.

பூஞ்சை எப்படி உள்ளே போகிறது

கருவிழி அரை மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே கொண்ட படலம். அதன் மேல்தோல் பழுதில்லாமல் இருக்கும்வரை காற்றிலும் மண்ணிலும் செடியிலும் மிதக்கும் பூஞ்சை வித்துகளால் எளிதில் உள்ளே நுழைய முடியாது. கண்ணீர் கழுவிவிடும், இமை துடைத்துவிடும். மேல்தோலில் ஒரு கீறல் விழுந்தால் நிலைமை மாறுகிறது. செடித் துணுக்கே கீறலையும் உண்டாக்கி, தன் மேல் ஒட்டியிருந்த வித்தையும் உள்ளே விட்டுவிடுகிறது.

வெப்ப நாடுகளில் பெரும்பாலும் காணப்படுபவை ஃபியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் இழைப் பூஞ்சைகள். குளிர் நாடுகளில் கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைக்கு இடம் அதிகம். அது ஏற்கெனவே நலிந்த கண்களை, அதாவது நீண்ட நாள் ஸ்டீராய்டு சொட்டு போட்டவர்கள், முன்பே கருவிழி மாற்று செய்துகொண்டவர்கள், கண் வறட்சி முற்றியவர்கள் ஆகியோரைத் தேடிப் பிடிக்கும்.

உள்ளே நுழைந்த இழைப் பூஞ்சை, கருவிழியின் கொலாஜன் அடுக்குகளைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்தபடி அடுக்குகளுக்கிடையே ஊர்ந்து போகிறது. கருவிழி தெளிவாக இருக்க வேண்டுமென்பதால் அதில் ரத்தக் குழாய்கள் கிடையாது. அதனால் உடலின் காவல் அணுக்கள் வந்து சேரத் தாமதமாகும். விழுங்கும் மாத்திரையும் போதிய அளவில் அங்கே எட்டாது. காவல் அணுக்கள் கடைசியில் வந்து சேரும்போது அவை வெளியிடும் நொதிகளும் கருவிழியைத்தான் அரிக்கின்றன. கருவிழியின் உட்பக்கம் உள்ள டெசிமெட் சவ்வு பெரும்பாலான பாக்டீரியாக்களைத் தடுத்து நிறுத்திவிடும். பூஞ்சை இழைக்கு அதையும் துளைத்துக் கண்ணின் உள்ளறைக்குள் இறங்கும் வலு உண்டு. ஆழத்தில் இறங்கிய பூஞ்சையை மேலே விடும் சொட்டால் துரத்துவது கடினம். இந்த நோயில் நாட்களைக் கணக்கிடுவது இதனால்தான்.

காலம் எங்கே கழிகிறது

தூசி விழுந்த உணர்வு, கண் சிவப்பு, நீர் வடிதல், வெளிச்சத்தைப் பார்த்தால் கூச்சம். ஆரம்பம் இவ்வளவுதான். பாக்டீரியாப் புண் ஓரிரு நாளில் கடும் வலியோடு பாய்ந்து வரும். பூஞ்சைப் புண் பெரும்பாலும் மெதுவாக வளரும். முதல் சில நாட்களில் புண்ணின் அளவோடு ஒப்பிட்டால் வலி குறைவாகவே இருக்கும். தாங்கிக்கொள்ளக் கூடிய வலி என்பதால் மனிதர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். வேலை கெடும் என்று ஒரு வாரம் போகிறது.

அடுத்து, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஒரு சொட்டு. அது ஆன்டிபயாட்டிக் மட்டும் என்றால் பூஞ்சையை ஒன்றும் செய்யாது, நாட்கள் மட்டும் வீணாகும். ஸ்டீராய்டு கலந்தது என்றால் கேடு பெரிது. டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் உடலின் எதிர்வினையை அடக்குபவை. ஓரிரு நாளில் சிவப்பு குறையும், வலி தணியும், நோயாளிக்கு நிம்மதி வரும். உள்ளே எதிர்ப்பாரின்றிப் பூஞ்சை வளர்ந்துகொண்டிருக்கும். சிவப்பு மறுபடி திரும்பும்போது புண் ஆழமாகியிருக்கும். சொட்டு போட்டபோது நன்றாகத்தானே இருந்தது என்று அதையே மீண்டும் வாங்கிப் போடுகிறவர்கள் ஏராளம். கண் சிவந்தால் ஸ்டீராய்டு என்ற பழக்கம் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் இந்த நோய் பறிக்கும் கண்களும் கூடுதல். மருத்துவர் கருவிழியை ஸ்லிட் லாம்ப் என்னும், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்க்காமல் எந்த ஸ்டீராய்டு சொட்டும் கண்ணில் விழக் கூடாது என்பதில் எனக்குத் துளியும் தயக்கமில்லை.

கண்ணால் பார்த்தே இது பூஞ்சை என்று சொல்லிவிட முடியுமா? சில அடையாளங்கள் உண்டு. புண்ணின் ஓரம் இறகின் விளிம்பு போலப் பிசிறு பிசிறாக இருக்கும். மேற்பரப்பு வறண்டு, சற்று மேடிட்டுத் தெரியும். பெரிய புண்ணைச் சுற்றிக் குட்டிப் புள்ளிகள் தனித்து நிற்கும். கருவிழிக்குப் பின்னால் கெட்டியான சீழ் தேங்கும். ஆனால் இந்த அடையாளங்களை மட்டும் நம்புவது ஆபத்து. கருவிழி நிபுணர்களிடம் புண்களின் படங்களைக் கொடுத்து, பாக்டீரியாவா பூஞ்சையா என்று கேட்ட ஓர் ஆய்வில் அவர்கள் சரியாகச் சொன்னது 66 சதவீதம்தான். வாழ்நாளெல்லாம் கருவிழியையே பார்த்துப் பழகியவர்களுக்கே மூன்றில் ஒன்று தப்புகிறது.

சுரண்டல் சோதனை

ஆகவே புண்ணிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்த்தாக வேண்டும். கேட்பவர்களுக்குப் பயமாக இருக்கும் இந்தச் சோதனை, செய்யும்போது சில நிமிட வேலைதான். மரத்துப்போகச் சொட்டு விட்டு, நோயாளியை ஸ்லிட் லாம்ப் முன் உட்கார வைத்து, இமையை விலக்கிப் பிடித்துக்கொண்டு, சிறு கரண்டி போன்ற கிமுரா ஸ்பேட்டுலாவாலோ அறுவைக் கத்தியின் நுனியாலோ புண்ணின் விளிம்பையும் அடிப்பகுதியையும் மெல்லச் சுரண்டுவார்கள். மேலாக இருக்கும் சளியையும் செத்த திசுவையும் முதலில் ஒதுக்கிவிட வேண்டும். பூஞ்சை இருப்பது அதற்குக் கீழே.

சுரண்டி எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு மூடுகிறார்கள். காரம் மனிதத் திசுவைக் கரைத்துத் தெளிவாக்கிவிடும். பூஞ்சையின் செல் சுவர் கைட்டினால் ஆனது என்பதால் அது கரையாமல் நிற்கும். நுண்ணோக்கியில், கிளை பிரிந்து குறுக்குத் தடுப்புகளோடு கிடக்கும் இழைகள் தெரிந்தால் விஷயம் முடிந்தது. சிகிச்சையை அன்றைக்கே தொடங்கலாம். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு நுண்ணோக்கியும், பார்த்துப் பழகிய ஒருவரும் போதும்.

இன்னொரு பகுதி சபரோட் என்னும் ஊட்டக் கூழ் தட்டில் வளர்ப்புச் சோதனைக்குப் போகும். அங்கே ஒரு நுட்பம் உண்டு: தட்டில் தடவும்போது 'சி' என்ற ஆங்கில எழுத்து வடிவில் வரிசையாகக் கோடு இழுப்பார்கள். பூஞ்சை அந்தக் கோடுகளின் மேல் வளர்ந்தால் அது கண்ணிலிருந்து வந்தது. கோட்டுக்கு வெளியே வளர்ந்தால் காற்றிலிருந்து விழுந்த தூசு வித்து என்று தள்ளிவிடலாம். எந்த இனப் பூஞ்சை என்று தெரிய இந்த வளர்ப்பு தேவை. ஆனால் அதற்குச் சில நாட்கள் முதல் இரண்டு, மூன்று வாரம் வரை ஆகலாம் என்பதால் முடிவு வரும்வரை மருந்துக்குக் காத்திருக்க முடியாது.

சோதனைக்கு முன்பே பல சொட்டுகள் விட்டிருந்தால் நுண்ணுயிர் கிடைப்பது கடினமாகிவிடும். எனவே சுரண்டல் முதலில், சொட்டு அதன் பிறகு.

நுண்ணோக்கியையும் ஏமாற்றும் ஒரு கிருமி உண்டு. பித்தியம் இன்சிடியோசம் என்பது பார்வைக்கு அச்சு அசல் பூஞ்சை இழை போலவே இருக்கும். உண்மையில் அது நீர்ப்பாசிகளுக்கு நெருக்கமான வேறோர் இனம். பூஞ்சை மருந்துகள் பெரும்பாலும் குறிவைக்கும் எர்கோஸ்டெரால் என்னும் பொருள் அதன் சவ்வில் இல்லாததால் அவை அதனிடம் எடுபடாது. லினசோலிட், அசித்ரோமைசின் போன்ற பாக்டீரியா மருந்துகளைக் கொண்டுதான் அதை எதிர்கொள்கிறார்கள். பலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டுவிடுகிறது. பூஞ்சை மருந்து ஒழுங்காகப் போட்டும் புண் வேகமாகப் பரவினால் மருத்துவர்கள் மறுபடி சுரண்டிப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய மருந்தின் பலம்

பூஞ்சைக்கு மருந்து செய்வது பாக்டீரியாவுக்குச் செய்வதைவிடக் கடினம். பூஞ்சையின் செல் அமைப்பு நம் செல்லின் அமைப்புக்கு நெருக்கமானது. ஒன்றைக் கொல்வது மற்றதையும் காயப்படுத்தும். எர்கோஸ்டெரால் பூஞ்சையின் சவ்வில் இருக்கிறது, நம் சவ்வில் அந்த இடத்தில் கொலஸ்டிரால். இந்தச் சிறு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான் முக்கியமான மருந்துகள் வேலை செய்கின்றன.

அவற்றில் கருவிழிக்கு முதன்மையானது நேட்டமைசின். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகருக்கருகே எடுத்த மண்ணில் வாழ்ந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரிலிருந்து 1950-களில் பிரித்தெடுக்கப்பட்டது. பாலாடைக்கட்டியின் மேல் பூசணம் பிடிக்காமலிருக்க இன்றும் இதே பொருளைப் பூசுகிறார்கள். கண்ணுக்கான 5 சதவீதச் சொட்டாக அமெரிக்காவில் 1978-இல் அனுமதி கிடைத்தது.

நேட்டமைசினுக்கு ஒரு குறை: மூலக்கூறு பெரியது, கருவிழிக்குள் ஆழமாக ஊடுருவாது. அதனால் 2000-க்குப் பிறகு நன்றாக ஊடுருவும் வோரிகோனசோல் வந்ததும், இனி அதுதான் என்று பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை முறையாகச் சோதித்தது, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சான் ஃபிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு. 323 நோயாளிகளில் ஒரு பாதிக்கு நேட்டமைசின், மறு பாதிக்கு வோரிகோனசோல் சொட்டு. 2013-இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது: பழைய நேட்டமைசினே மேல். வோரிகோனசோல் போட்டவர்களிடையே கருவிழி ஓட்டையாவதும், அவசர மாற்று அறுவை தேவைப்படுவதும் கூடுதலாக இருந்தன. ஃபியூசேரியம் தொற்றில் வித்தியாசம் இன்னும் பெரிது. பார்வைப் பலகையில் ஏறக்குறைய நான்கு வரி. மற்றப் பூஞ்சைகளில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன.

சொட்டோடு வோரிகோனசோல் மாத்திரையும் சேர்த்தால் கடுமையான புண்கள் தப்புமா என்று இந்தியாவிலும் நேபாளத்திலும் நடந்த அடுத்த ஆய்வு பார்த்தது. 2016-இல் வந்த விடை, மொத்தத்தில் பயனில்லை என்பது. எங்கும் மலிவாகக் கிடைக்கக்கூடிய குளோர்ஹெக்சிடின் சொட்டு நேட்டமைசினுக்கு ஈடாகுமா என்று நேபாளத்தில் 354 பேரிடம் பார்த்தார்கள். 2022-இல் வந்த முடிவிலும் நேட்டமைசினே முந்தியது. நேட்டமைசின் கிடைக்காத நாடுகள் இன்னும் பல இருப்பதால் இந்தக் கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நேட்டமைசினைச் சேர்த்ததே 2017-இல்தான். இவ்வளவு தாமதமாகச் சேர்த்தது எனக்கு வருத்தம் தரும் விஷயம். பட்டியலில் இருந்தால்தான் பல நாட்டு அரசுகள் கொள்முதலைப் பற்றி யோசிக்கவே தொடங்கும்.

கேண்டிடா போன்ற ஈஸ்ட் வகைக்கு ஆம்போடெரிசின் பி-யை 0.15 சதவீதச் சொட்டாகத் தயாரித்துக் கொடுப்பது வழக்கம். அதைக் குளிரிலும் வெளிச்சம் படாமலும் வைக்க வேண்டும்.

சொட்டு போடும் முறையிலும் கவனம் வேண்டும். நேட்டமைசின் கரைந்த நீர்மம் அல்ல. மருந்துத் துகள்கள் மிதக்கும் வெண்மையான கலவை. குப்பியைக் குலுக்காமல் விட்டால் துகள் அடியில் தங்கி, கண்ணில் விழுவது பெரும்பாலும் தண்ணீர்தான். முதல் சில நாட்கள் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு முறை, கடுமையான புண்ணுக்கு இரவிலும் எழுந்து போட வேண்டியிருக்கும். வேறு சொட்டும் இருந்தால் நடுவில் ஐந்து நிமிடமாவது இடைவெளி விட வேண்டும். புண்ணின் மேல் வெள்ளையாக மருந்து படிந்து நிற்பதைப் பார்த்துப் புண் பெரிதாகிவிட்டது என்று பயப்படுகிறவர்கள் உண்டு, அது மருந்தேதான். அவ்வப்போது மருத்துவர் மேல்தோலைச் சுரண்டி எடுப்பதும் மருந்து உள்ளே இறங்க வழி செய்வதற்காகத்தான்.

குணமாகும் வேகம் பொறுமையைச் சோதிக்கும். முதல் வாரத்தில் புண் பெரிதாகாமல் நின்றாலே நல்ல அறிகுறி. பிசிறான ஓரம் மழுங்கும், குட்டிப் புள்ளிகள் மறையும், பிறகு மேல்தோல் மூடும். நான்கு முதல் ஆறு வாரம், சில வேளை அதற்கும் மேல் மருந்து தொடரும். வலி போய்விட்டது என்று இரண்டாம் வாரத்தில் நிறுத்திக்கொள்பவர்களுக்கு உள்ளே மிச்சமிருக்கும் இழை மறுபடி கிளம்பும்.

நோய் ஆறினாலும் தழும்பு வெள்ளையாக நிற்கும். தழும்பு கண்மணிக்கு நேரே விழுந்தால் பார்வை மங்கலாகவே இருக்கும். கண் அமைதியடைந்து சில மாதங்கள் கழித்துக் கருவிழி மாற்று அறுவை பற்றி யோசிக்கலாம். இது ஒரு வகை மாற்று அறுவை. புண் ஆறாமல் கருவிழி ஓட்டையாகும் நிலையில், தொற்றையே வெட்டி எடுத்துக் கண்ணைக் காப்பாற்றச் செய்வது வேறு வகை. அந்த நேரத்தில் வைக்கும் தானக் கருவிழி பெரும்பாலும் தெளிவாக நிலைப்பதில்லை. உடல் அதை ஏற்க ஸ்டீராய்டு வேண்டும்; ஸ்டீராய்டு கொடுத்தால் மிஞ்சிய பூஞ்சை எழும். மருத்துவர்கள் நடப்பது இந்தக் குறுகிய வரப்பின் மேல்தான்.

லென்ஸ் அணிபவர்களுக்கு

வயலுக்குப் போகாதவர்களுக்கும் இந்த நோய் வரும் என்பதை உலகம் 2005, 2006-இல் கண்டது. ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும், பிறகு அமெரிக்காவிலும் கான்டாக்ட் லென்ஸ் அணிந்த பலருக்கு ஃபியூசேரியம் புண் வந்தது. விசாரணையில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது: பாஷ் அண்ட் லோம்ப் நிறுவனத்தின் 'ரீனியூ வித் மாய்ஸ்சர்லாக்' என்னும் லென்ஸ் கரைசல். அமெரிக்காவில் உறுதியான 164 நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்குக் கருவிழி மாற்று தேவைப்பட்டது. 2006 மே மாதம் அந்தக் கரைசல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. லென்ஸ் டப்பாவில் பழைய கரைசலைக் கொட்டாமல் அதன் மேலேயே புதியதை ஊற்றுவது, குழாய் நீரில் கழுவுவது, லென்ஸோடு தூங்குவது ஆகியவை எந்தக் கரைசலையும் பயனற்றதாக்கும்.

கண்ணுக்குள்ளும் கண்ணைச் சுற்றியும்

கீறல் இல்லாமலும் பூஞ்சை கண்ணை அடையும். தீவிர சிகிச்சைப் பிரிவில் நாட்கணக்கில் ரத்தக் குழாய்க் குழலோடு கிடப்பவர்கள், நீண்ட காலம் பலவகை ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்கள், ஊசி வழியே போதைப்பொருள் ஏற்றுபவர்கள் ஆகியோரின் ரத்தத்தில் கேண்டிடா கலந்தால், அது விழித்திரைக்கு வந்து கண்ணின் உள்ளே இருக்கும் கூழ்ப் பகுதியில் பஞ்சுருண்டை போல வளரும். வெளியே சிவப்பு அதிகம் தெரியாது. பார்வை மட்டும் மங்கும். இங்கே மருந்துத் தேர்வில் ஒரு சிக்கல்: ரத்தத்தில் கேண்டிடாவுக்கு முதலில் கொடுக்கப்படும் எக்கினோகேண்டின் வகை மருந்துகள் கண்ணுக்குள் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. ஃப்ளுகோனசோல் அல்லது வோரிகோனசோல் போகும். முற்றியிருந்தால் கண்ணுக்குள்ளேயே 5 முதல் 10 மைக்ரோகிராம் ஆம்போடெரிசின் ஊசி, கூழை அகற்றும் அறுவை என்று போக வேண்டிவரும். விழித்திரை அந்த மருந்தை அதற்கு மேல் தாங்காது என்பதால்தான் அளவு இவ்வளவு சிறிது.

கருப்புப் பூஞ்சை என்று பேசப்பட்ட மியூகோர்மைகோசிஸ் வேறு வேகத்தில் நடக்கும் நோய். கட்டுக்கடங்காத சர்க்கரை நோய் உள்ளவர்களின் மூக்கில் வித்து இறங்கி, சைனஸ் வழியாகக் கண்குழிக்கும் மூளைக்கும் சில நாட்களில் பரவும். 2021-இல் கோவிட் இரண்டாம் அலையில், ஜூன் இறுதிக்குள் இந்தியாவில் மட்டும் 40,000-க்கும் மேற்பட்டோர் இதற்கு ஆளானார்கள். பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள், பலர் கோவிடுக்காக ஸ்டீராய்டு எடுத்தவர்கள். இந்தப் பூஞ்சை ரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடுவதால் திசு செத்துக் கறுக்கும். அடைபட்ட குழாய் வழியே மருந்தும் போகாது. அதனால்தான் செத்த திசுவை வெட்டி எடுப்பதும், லைப்போசோமல் ஆம்போடெரிசினை ரத்தத்தில் ஏற்றுவதும், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். வோரிகோனசோல் இந்தப் பூஞ்சையிடம் எடுபடாது. ஒரு பக்கக் கன்னத்தில் வலி அல்லது மரமரப்பு, மூக்கில் கறுப்பு நீர், இமை தொங்குதல், ஒன்று இரண்டாகத் தெரிதல் என எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கீறல் விழுந்த அன்று

கீறல் விழுந்த இரண்டு நாளுக்குள் ஆன்டிபயாட்டிக் களிம்பும் பூஞ்சைக் களிம்பும் போட்டால் புண்ணே வராமல் தடுக்க முடியும் என்று சிறிய கள ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. அதே முறையை நேபாளத்தில் ஊர் ஊராகத் தன்னார்வலர்களை வைத்துப் பெரிய அளவில் சோதித்தபோது, புண்களின் எண்ணிக்கை குறையவில்லை என்று 2022-இல் முடிவு வந்தது. களிம்பு பயனற்றது என்று இதைப் புரிந்துகொள்ள நான் தயாரில்லை. கீறல் பட்டவர்களில் எத்தனை பேர் அந்த இரண்டு நாளுக்குள் வந்து காட்டுகிறார்கள் என்பதும் களிம்பைப் போலவே முக்கியம்.

எனவே கதிரடிக்கும்போதும் புல் வெட்டும்போதும் மரம் அறுக்கும்போதும் பாதுகாப்புக் கண்ணாடி. செடியோ மண்ணோ பட்டுக் கண் உறுத்தினால் கசக்காமல் சுத்தமான நீரால் கழுவுவது. மறுநாளும் உறுத்தல் இருந்தால் ஸ்லிட் லாம்ப் உள்ள கண் மருத்துவரிடம் போவது. போகும்போது, அதுவரை போட்ட சொட்டுக் குப்பிகளையெல்லாம், காலியானவை உட்பட, கையோடு எடுத்துப் போங்கள். எதில் ஸ்டீராய்டு இருந்தது, எத்தனை நாள் போட்டீர்கள் என்பது தெரிந்தால் மருத்துவர் கருவிழியைப் பார்க்கும் பார்வையே மாறும். எந்தச் செடி, எந்த நாள், எந்த நேரம் பட்டது என்பதையும் சொல்லுங்கள். புண் இருக்கிறது என்று அவர் சொன்னால், புதிய சொட்டு எழுதும் முன் சுரண்டிப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.